ஆட்டிசம்: குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் முறையான மதிப்பீடு பெறுவது எப்படி? பொன்னேரி, பழவேற்காடு பகுதி மக்களுக்கான வழிகாட்டி

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு ஆகும். பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் நீடித்த இடர்ப்பாடு இருப்பது இதன் ஓர் அடையாளம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும் தீவிர ஆர்வம் கொள்ளுதல், ஒலி, ஒளி, தொடுதல், மணம் ஆகியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல் ஆகியன மற்றோர் அடையாளம். இரண்டும் சேர்ந்திருந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவில் இருந்தால் மட்டுமே ஆட்டிசம் என உறுதி செய்யப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ளது.

அரசு ஆவணங்கள் சிலவற்றில் இந்நிலை 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும், சில நூல்களில் 'மதியிறுக்கம்' என்றும் குறிக்கப்படுகிறது. இப்பெயர்களைக் கண்டு, இவர்கள் சுற்றியுள்ள உலகைக் கவனிப்பதே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். அவர்கள் கவனிக்கும் விதமே வேறு. அறிவுத்திறன் மிகுந்தவர்களும், பேச்சே வராதவர்களும், வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படுபவர்களும் இந்நிலையில் உள்ளனர்.

ஆட்டிசத்தை உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஒருவரின் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டும், அவரது நடத்தையை நேரில் கண்டுமே இது கண்டறியப்படுகிறது. எனவே, அவரோடு நாள்தோறும் வாழும் குடும்பத்தினர் தரும் விவரம் மதிப்பீட்டின் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகும். அவ்விவரத்தை எவ்வாறு திரட்டுவது, எங்குக் கொண்டு செல்வது, அதன்பின் என்ன நடக்கும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

குழந்தையிடம் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஏரியில் பூநாரைக் கூட்டம் இறங்கும்போது, ஒன்றேகால் வயதுக் குழந்தை பெரும்பாலும் விரலை நீட்டிக் காட்டும். பிறகு, 'நீயும் பார்த்தாயா' என்று கேட்பதுபோல் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். தான் கண்டதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் இச்சிறு செயல் பேச்சுக்கும் முந்தைய பேச்சு ஆகும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது தாமதமாகவோ குறைவாகவோ காணப்படலாம். குழந்தை பேசவில்லை என்பதை மட்டும் கவனிக்கும் பெற்றோர், இதனைத் தவறவிட நேர்கிறது.

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மருத்துவரை அணுகவும்:

• 12 மாதம் நிறைந்தும் மழலை ஒலி எழுப்பாமை; கையசைத்தல், கைநீட்டுதல் போன்ற சைகைகள் இல்லாமை.
• பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்பிப் பாராமை.
• 16 மாதம் நிறைந்தும் ஒரு சொல்லும் பேசாமை.
• 24 மாதம் நிறைந்தும் தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. பிறர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது இதில் சேராது.
• முன்பு பேசிய சொற்களையோ, சிரித்துப் பழகிய வழக்கத்தையோ எந்த வயதிலாயினும் இழந்துவிடுதல்.

கண்ணோடு கண் நோக்காமை, தேவையானதைக் கேட்காமல் பிறர் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுதல், சிப்பிகளையோ வலையின் மிதவைகளையோ மணிக்கணக்கில் வரிசையாக அடுக்குதல், சக்கரம் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருத்தல், கைகளை உதறுதல், நுனிக்காலில் நடத்தல், படகு இயந்திரத்தின் ஓசைக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுதல், வெறும் சோறு அல்லது ஒரே வகை பிஸ்கட் தவிர வேறெதையும் உண்ண மறுத்தல் ஆகியனவும் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பதால் ஆட்டிசம் என்று கொள்ள இயலாது. பல சேர்ந்து, தொடர்ந்து இருப்பின் மதிப்பீடு தேவை.

பெண் குழந்தைகளிடம் அறிகுறிகள் எளிதில் புலப்படாமல் போகலாம். பிறரைப் பார்த்து அவர்களைப் போலவே நடந்துகொள்ளப் பழகிவிடும் சிறுமியரை 'கூச்ச சுபாவம்' என்று கூறி விட்டுவிடுவதுண்டு. பள்ளியில் அமைதியாக இருந்து, வீடு திரும்பியதும் கட்டுக்கடங்காமல் அழும் சிறுமியைக் கவனித்து மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தம்பி அல்லது தங்கை பிறந்தால், அக்குழந்தைக்கும் இந்நிலை ஏற்படும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட மிகுதி. ஆகவே அதன் வளர்ச்சியை முதல் ஆண்டிலிருந்தே கவனித்து வர வேண்டும்.

'வளர்ந்தால் பேசிவிடும்' என்று காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். 'அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்' என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவது அன்பினால்தான். சில குழந்தைகள் தாமதமாகப் பேசுவதும் உண்மையே. ஆனால், எந்தக் குழந்தை தானாகப் பேசிவிடும், எந்தக் குழந்தைக்குப் பயிற்சி தேவை என்பதை வீட்டிலிருந்தபடியே பிரித்தறிய இயலாது. முதல் ஐந்து ஆண்டுகளில் மூளை மிக விரைவாக வளர்கிறது. அக்காலத்தில் தொடங்கும் பயிற்சியின் பயன் மிகுதி. அனுபவமுள்ள வல்லுநர்களால் இரண்டு வயது அளவிலேயே ஆட்டிசத்தை நம்பகமாகக் கண்டறிய இயலும்.

மதிப்பீட்டுக்குப் பின் ஆட்டிசம் இல்லை என்று தெரியவந்தாலும் இழப்பு ஏதுமில்லை. பேசாமைக்குக் காரணம் காது கேளாமை என்று தெரியவந்தால், அதற்குரிய சிகிச்சையும் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டியதே.

எங்குத் தொடங்குவது?

முதல் படி உங்கள் ஊரிலேயே உள்ளது. அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ உங்கள் ஐயத்தைத் தெரிவிக்கவும். 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து, 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் இத்திட்டத்தில் அடங்கும். குழு வரும் நாளன்று குழந்தையைக் கட்டாயம் அழைத்துச் செல்லவும். குழுவின் வருகை தொலைவில் இருப்பின், அதற்காகக் காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ செல்லவும்.

அங்கு முதற்கட்டச் சோதனை நடைபெறும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு உலகெங்கும் பயன்படும் எம்-சாட் வினாப்பட்டியலில், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடையளிக்கத்தக்க 20 வினாக்கள் உள்ளன. இதில் ஐயம் எழுந்தால் அதுவே நோயறிதல் ஆகிவிடாது. முழு மதிப்பீடு தேவை என்பது மட்டுமே அதன் பொருள்.

இரண்டாம் படி, பரிந்துரைச் சீட்டுடன் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்குச் செல்வது. குழந்தைகள் நல மருத்துவர், உளவியலாளர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், இயன்முறை மருத்துவர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒரே இடத்தில் பணியாற்றும் வகையில் இம்மையங்கள் மாவட்டந்தோறும் திட்டமிடப்பட்டவை. 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் குழந்தைகள் நலப் பிரிவையும் மனநலப் பிரிவையும் அணுகலாம்.

மூன்றாம் படி, நிலை சிக்கலாக இருக்கும்போது சென்னையின் சிறப்பு நிறுவனங்களை நாடுவது. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் ஆகியன மாநில அரசின் கீழ் இயங்குகின்றன. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஒன்றிய அரசின் கீழ் 2005 முதல் இயங்கி வருகிறது.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பேருந்தில் வந்து சேர்வோருக்கு, அங்கிருந்து சென்னைக்குக் கும்மிடிப்பூண்டி வழித்தடப் புறநகர் இரயில்கள் உண்டு. திருவள்ளூர் வேறொரு வழித்தடத்தில் இருப்பதால் அங்குச் செல்லப் பேருந்தே எளிது. ஆகவே, பரிந்துரைச் சீட்டு எழுதப்படும்போதே உங்களால் எளிதில் திரும்பத் திரும்பச் செல்லக்கூடிய மருத்துவமனை எது என்பதை மருத்துவரிடம் கூறவும். மதிப்பீடு ஒரே நாளில் முடிவதில்லை. புறப்படுவதற்கு முன் எந்த நாள், எந்தப் பிரிவு, யார் இருப்பார் என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்து செல்வது, ஒரு நாள் தொழில் வருமானம் வீணாவதைத் தவிர்க்கும்.

செல்வதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

புதிய இடத்தில், புதிய மனிதர் முன், அரைமணி நேரத்தில் குழந்தை தன் இயல்பைக் காட்டாமல் போகலாம். அதனால் வீட்டில் திரட்டிய விவரம் பெரிதும் பயன்படும்.

• இரு வார காலம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 'அடம் பிடிக்கிறான்' என்று எழுதுவதைவிட, 'மின்விசிறியை நிறுத்தியதும் இருபது நிமிடம் தரையில் புரண்டு அழுதான்' என்று எழுதுவது மருத்துவருக்கு உதவும். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நிகழ்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்ற மூன்றும் போதும்.
• கைபேசியில் இரண்டு மூன்று நிமிடக் காணொளிகள் எடுக்கவும்: பெயர் சொல்லி அழைக்கும்போது, உண்ணும்போது, பிற பிள்ளைகளோடு இருக்கும்போது, தனியே விளையாடும்போது. குழந்தையைச் சீண்டி அழவைத்துப் படமெடுக்க வேண்டாம்.
• முதல் பிறந்தநாள் போன்ற பழைய காணொளிகள் இருந்தால் எடுத்துச் செல்லவும். பேச்சு பின்னடைந்ததா, தொடக்கத்திலிருந்தே வரவில்லையா என்பதை அவை காட்டும்.
• தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி விவரம், பிறப்பின்போது தந்த மருத்துவமனைச் சீட்டு, முன்பு செய்த பரிசோதனை முடிவுகள், ஆதார் அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளவும்.
• அங்கன்வாடிப் பணியாளரோ வகுப்பாசிரியரோ தம் கையெழுத்தில் தரும் அரைப்பக்கக் குறிப்பு மிகுந்த பயனுடையது.
• குழந்தையை அதிகம் பார்த்துக்கொள்பவர் உடன் வர வேண்டும். தாய் மீன் விற்கச் செல்லும் வீட்டில் பாட்டியே குழந்தையை வளர்க்கிறார் எனில், அந்தப் பாட்டியும் வருவது நல்லது.

வீட்டில் தெலுங்கு பேசுவோர் அதனை முதலிலேயே தெரிவிக்கவும். குழந்தை எந்த மொழியைக் கேட்டு வளர்கிறதோ அம்மொழியிலேயே அதன் பேச்சு மதிப்பிடப்பட வேண்டும். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை.

மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் குழந்தைக்குப் பிடித்த பொருள், உணவு, குடிநீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். கூட்டமும் ஓசையும் தாங்காத குழந்தை எனில், பதிவுச் சீட்டு வாங்கும்போதே செவிலியரிடம் கூறி, முறை வரும்வரை வெளியே காத்திருக்க அனுமதி கேட்கலாம்.

மதிப்பீட்டில் என்ன நடைபெறும்?

முதலில் செவித்திறன் பரிசோதிக்கப்படும். 'கைபேசிப் பாட்டுக்கு ஓடி வருகிறானே, காது கேட்காமலா இருக்கும்' என்று கருதி இதனைத் தவிர்க்க வேண்டாம். சில ஒலிகள் மட்டும் கேட்கும் குறைபாடும் உண்டு. குழந்தை உறங்கும்போது செய்யப்படும் பெரா எனும் சோதனை வலியற்றது. பார்வையும் பரிசோதிக்கப்படும்.

அடுத்து, கருவுற்ற காலம் முதல் இன்றுவரையுள்ள வரலாறு கேட்கப்படும். வலிப்பு வந்ததா, உறக்கம் எப்படி, உறவினருள் யாருக்கேனும் இதுபோன்ற நிலை உண்டா என்பனவும் அவ்வினாக்களில் அடங்கும். பின்னர் வல்லுநர் குழந்தையோடு விளையாடி அதன் பதில்வினைகளைக் கவனிப்பார். வளர்ச்சி அல்லது அறிவுத்திறன் சோதனையும் தேவைக்கேற்பச் செய்யப்படும்.

ஆட்டிசத்தை அளவிட இந்தியாவில் ஐ.எஸ்.ஏ.ஏ. எனும் அளவுகோல் பயன்படுகிறது. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய இதில் 40 கூறுகள் உள்ளன. பிறரோடு பழகுதல், உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சும் கருத்துப் பரிமாற்றமும், நடத்தை, புலனுணர்வு, அறிதிறன் என்னும் ஆறு பிரிவுகளில் ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 70-க்குக் குறைவாக இருப்பின் ஆட்டிசம் இல்லை எனவும், 70 முதல் 106 வரை மிதமானது எனவும், 107 முதல் 153 வரை நடுத்தரம் எனவும், அதற்கு மேல் கடுமையானது எனவும் கொள்ளப்படும். 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஐ.என்.டி.டி. எனும் இந்தியக் கருவியும் பயன்படுகிறது.

கருவி எதுவாயினும், எண் மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை; நேரில் கண்டதையும் குடும்பத்தார் கூறியதையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். எனவே விடையளிக்கும்போது குழந்தையின் குறைகளைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம், உதவித்தொகை கருதி மிகைப்படுத்தவும் வேண்டாம். இரண்டுமே குழந்தைக்குத் தேவையான பயிற்சியைத் தவறாக வகுக்கச் செய்யும்.

மூளை ஸ்கேன், இ.இ.ஜி., மரபணுச் சோதனை ஆகியன எல்லாக் குழந்தைகளுக்கும் தேவையில்லை. வலிப்பு, உடல் அமைப்பில் மாறுபாடு, பெற்ற திறன்களை இழத்தல் போன்ற காரணங்கள் இருந்தால் மருத்துவர் பரிந்துரைப்பார். தனியார் ஆய்வகத்தில் செய்துகொள்ளச் சொன்னால், எதற்காக என்று கேட்டறிவது உங்கள் உரிமை.

முடிவு தெரிந்தபின்

முடிவை எழுத்து வடிவில் பெறவும். அதில் நோயறிதல், பயன்படுத்திய கருவி, குழந்தையின் வலிமைகள், தேவையான பயிற்சிகள், அடுத்த வருகை நாள் ஆகியன இருத்தல் வேண்டும். புரியாத சொல்லை மருத்துவரிடமே கேட்டுத் தெளியவும்.

பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்பாட்டுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியன குழந்தையின் தேவைக்கேற்ப வகுக்கப்படும். வாரத்தில் ஓரிரு மணி நேரம் வல்லுநரிடம் பெறும் பயிற்சியை வீட்டில் நாள்தோறும் தொடர்வதே பலன் தரும். ஆகவே, பெற்றோருக்குக் கற்றுத்தரும் மையத்தைத் தேர்வு செய்யவும். முழு மதிப்பீட்டுக்கான நாள் தள்ளிப்போனாலும் பயிற்சியை அதற்குள் தொடங்கிவிடலாம்; நோயறிதல் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆட்டிசத்தைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கலாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிற பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் உரிமையை உறுதி செய்கிறது. மீஞ்சூர் ஒன்றியப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவியைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்டுப் பெறலாம்.

நீர்நிலைக்கு அருகில் வாழ்வோர் கவனத்திற்கு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறுவர். அவர்களுள் பலரை நீர் ஈர்க்கும். நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து இவர்களுக்கு மற்றப் பிள்ளைகளைவிட மிகுதி என்பது உலக அளவில் அறியப்பட்ட உண்மை. ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் அமைந்த குப்பங்களில் இது முதன்மையான பாதுகாப்புச் செய்தியாகும். மதிப்பீட்டின்போது மருத்துவர் கேட்காவிட்டாலும், குழந்தை வெளியே ஓடிய நிகழ்வுகளை நீங்களே கூறவும்.

கதவின் தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் அமைக்கவும். அக்கம்பக்கத்தாரிடமும், படகுத் துறையில் இருப்போரிடமும், மீன் இறக்கும் இடத்தில் இருப்போரிடமும் குழந்தையைக் காட்டி, தனியே கண்டால் பிடித்து நிறுத்தித் தெரிவிக்கச் சொல்லவும். கைபேசி எண்ணைச் சட்டையின் உட்புறம் தைத்து வைக்கலாம். குழந்தையைக் காணாதபோது முதலில் நீர்நிலையில் தேடவும். வீட்டுக்குள் தேடுவது பிறகு. ஏரியில் ஆழம் குறைவு என்று நம்பியிருக்க வேண்டாம். படகுப் பாதையிலும் முகத்துவாரத்திலும் நீரோட்டம் வலிமையானது. மருத்துவரின் ஆலோசனையோடு, பெரியவர் துணையுடன் படிப்படியாக நீந்தக் கற்றுக்கொடுப்பதும் பாதுகாப்பே.

பெரியவர்களுக்கும் மதிப்பீடு உண்டா?

உண்டு, வயது வரம்பு இல்லை. ஆட்டிசம் குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களின் சிறுவயதில், நம் நாட்டில் இதைக் கண்டறியும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது.

வலை பின்னுவதில் ஊரே வியக்கும் நேர்த்தி உடைய ஒருவர், மீன் ஏலம் நடக்கும் இடத்தின் இரைச்சலில் நிற்க இயலாமல் போகலாம். பேச்சின் குறிப்பறியாமல், சொல்லை நேர்ப்பொருளில் கொண்டு சண்டையில் சிக்கலாம். பழகிய நடைமுறை மாறினால் பல நாள் உறங்காதிருக்கலாம். இத்தகையோரைத் 'திமிர் பிடித்தவர்' என்றும் 'கிறுக்கு' என்றும் ஊர் பெயரிட்டிருக்கும். இவ்வியல்புகள் சிறுவயது முதலே இருந்து, வேலையையும் உறவையும் பாதித்து வருமாயின் மனநல மருத்துவரை அணுகலாம். தம் பிள்ளைக்கு ஆட்டிசம் என அறிந்தபின், 'நானும் இப்படித்தான் இருந்தேன்' என உணர்ந்து மதிப்பீட்டுக்கு வரும் பெற்றோரும் உண்டு.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்டத்திற்கு வரும் நாளைப் பொன்னேரி அரசு மருத்துவமனையில் கேட்டறியவும். திருவள்ளூர், ஸ்டான்லி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், கீழ்ப்பாக்கத்திலும் வெளிநோயாளராகப் பதிவு செய்யலாம். சிறுவயதைப் பற்றிக் கூறத்தக்க தாய், தந்தை, அக்காள், அண்ணன், அத்தை என ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவ்வாறு எவரும் இல்லையெனினும் மதிப்பீடு செய்ய இயலும். பள்ளிச் சான்றுகள், பழைய மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். இணையத்தில் கிடைக்கும் வினாப்பட்டியல்கள் ஐயத்தை எழுப்ப உதவலாம். உறுதி செய்ய மாட்டா.

பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு ஆகியன ஆட்டிசத்தோடு சேர்ந்தே வரக்கூடும். முன்னர் மனச்சிதைவு போன்ற வேறொரு நோயின் பெயரில் சிகிச்சை பெற்றுவருவோர், ஆட்டிசம் என்ற ஐயம் வந்ததும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவர் மறுஆய்வு செய்தபின்னரே மாற்றம் வேண்டும்.

மதிப்பீட்டின் முடிவை யாரிடம் சொல்வது என்பதை அவரே தீர்மானிப்பார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநலச் சிகிச்சை பெறுவோரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ்

நோயறிதலும் சான்றிதழும் வெவ்வேறு. பயிற்சி பெறச் சான்றிதழ் கட்டாயம் அன்று. அரசின் உதவிகள் பெற அது தேவை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகை மாற்றுத்திறன்களுள் ஆட்டிசமும் ஒன்று. யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழி விண்ணப்பித்து, குறித்த நாளில் மருத்துவக் குழு முன் செல்ல வேண்டும். வசிக்கும் மாவட்டத்தில் மட்டுமின்றி, சிகிச்சை பெற்றுவரும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க விதிகள் இடமளிக்கின்றன. சிறுவயதில் வழங்கப்படும் சான்று தற்காலிகமானது. அதில் குறித்துள்ள காலத்தில் மறுமதிப்பீடு செய்துகொள்ளவும். சான்று மறுக்கப்பட்டாலோ விழுக்காடு பொருந்தவில்லை எனக் கருதினாலோ மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளோர்க்குக் கல்வியிலும் அரசு வேலைவாய்ப்பிலும் ஒதுக்கீடு உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெறலாம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். 18 வயது நிறைந்தபின் தாமே முடிவெடுக்க இயலாதவர்க்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவை அணுக வேண்டும். உங்களுக்குப் பொருந்தும் பிற உதவிகளைத் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நம்பத் தகாதவை

ஆட்டிசம் தாயின் வளர்ப்பாலோ, கைபேசி பார்ப்பதாலோ, கிரகணத்தாலோ, செய்வினையாலோ வருவதன்று. தடுப்பூசியாலும் வருவதில்லை. அவ்வாறு கூறி 1998-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையை அதனை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. தடுப்பூசியைத் தவிர்த்தால் தட்டம்மை போன்ற நோய்களுக்குக் குழந்தை ஆளாகும்.

ஆட்டிசத்தை முற்றிலும் நீக்கும் மருந்து எதுவுமில்லை. வலிப்பு, உறக்கமின்மை, கடுமையான ஆவேசம் போன்ற உடன்வரும் இடர்களுக்கே மருந்துகள் தரப்படுகின்றன. ஸ்டெம் செல் சிகிச்சை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்கத் தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துள்ளது. 'முழுமையாகக் குணமாக்குவோம்' என்று உறுதியளித்து முன்பணம் கேட்போரிடம் படகையும் நகையையும் அடகு வைத்துப் பணம் செலுத்த வேண்டாம். கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் வேண்டிக்கொள்வது குடும்பத்தின் நம்பிக்கை. அதற்காக மருத்துவமனைக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

உதவி எண்கள்

மருத்துவத் தகவலுக்கும் ஆலோசனைக்கும் 104 என்ற எண்ணை அழைக்கவும். பராமரிப்பாளரின் மனச்சோர்வு உள்ளிட்ட மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 என்ற எண் எந்நேரமும் இயங்குகிறது. அவசர ஊர்திக்கு 108.

உங்கள் குழந்தையைப் பற்றியோ உங்களைப் பற்றியோ ஐயம் எழுந்திருப்பின், இன்றே ஒரு நோட்டில் முதல் குறிப்பை எழுதி, இந்த வாரத்திலேயே கிராம சுகாதார செவிலியரைச் சந்திக்கவும்.